சொந்த மைதானம் இல்லாத சம்பியன்கள்

2024 யூலை 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. கிளிநொச்சிப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்கார அண்ணை ரீவியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் மோட்டர்சைக்கிளில் இருந்தபடி பார்த்தார்கள். அங்கிருந்தும் தெரியாதவர்கள் போனில் பார்த்தார்கள். போனில் எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ரீவிக்காரர் கத்தினால் அடுத்த பந்து சிக்ஸர் எண்டு போன்காரருக்கு முன்னமே தெரிந்துவிடும். அதுக்கும் ஒரு சண்டை நடந்தது.

கொழும்பு பிரேமதாச மைதானத்தில் லங்கா பிறீமியர் லீக் இறுதி ஆட்டம். காலி மார்வல்ஸ் 184 ஓட்டங்கள் எடுத்திருந்தது. எங்கட ஜப்னா கிங்ஸ் ஒரே ஒரு விக்கெட்டை மட்டும் விட்டு, 16ஆவது ஓவரிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டது. ரைலி ரூஸோ 106, குசல் மெண்டிஸ் 72, இருவருமே ஆட்டமிழக்கவில்லை. ஐந்து தொடர்களில் நாலாவது கிண்ணம். கடைக்குள் விசில், மேசையில் தட்டு. கடைக்கார அண்ணை அந்த நேரம் குடித்த தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

அப்பதான் எங்களோடு வந்திருந்த சின்னவன் ஒருத்தன் கேட்டான். எட்டாம் வகுப்புப் படிக்கிறவன், பந்து போடுறதெண்டால் சோறு தண்ணி வேண்டாம்.

"அண்ணை, நாங்கள் ஹோம் கிறவுண்டில எப்ப விளையாடுவம்?"

"எங்கட ஹோம் எங்கயடா?" எண்டு பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். பெடியன் சிரிக்கவில்லை. அவன் உண்மையாகத்தான் கேட்டான். அந்தக் கேள்விக்கு அண்டைக்கு எங்களில் ஒருத்தரிடமும் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அவனுக்கு எழுதுகிற பதில்தான். கொஞ்சம் பிந்திவிட்டது, போனில் பார்த்த மட்ச் மாதிரி.

முதலில் கணக்கைச் சரியாகச் சொல்லுவோம். 2020இல் இந்த அணி பிறந்தபோது பெயர் ஜப்னா ஸ்டாலியன்ஸ். நவம்பர் 27, முதல் ஆட்டம். எதிரணி காலி கிளேடியேற்றர்ஸ். அவிஷ்க பெர்னாண்டோ ஆட்டமிழக்காமல் 92 அடிக்க, எட்டு விக்கெட்டால் வென்றோம். அந்த டிசம்பர் 16ஆம் திகதி அதே காலியை 53 ஓட்டங்களால் தோற்கடித்துக் கிண்ணத்தையும் தூக்கினோம். அணித்தலைவர் திசர பெரேரா. அடுத்த வருடம் உரிமையாளரும் மாறினார், பெயரும் கிங்ஸ் எண்டு மாறியது, ஆனால் வெற்றி மாறவில்லை. 2021 இறுதியாட்டத்தில் மறுபடியும் காலியை 23 ஓட்டங்களால் வென்றோம். 2022இல் கொழும்பு ஸ்டார்ஸை இரண்டே விக்கெட்டால் வென்றோம். அண்டைக்கு நகம் கடிக்காதவன் ஒருத்தனும் இல்லை. 2023 மட்டும்தான் கைவிட்டது. 2024இல் திரும்பவும் வந்தது.

இந்த ஐந்து தொடர்களும் எங்கே நடந்தன? முதல் தொடர் முழுக்க அம்பாந்தோட்டையில். பிறகு கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை. வடக்கில் ஒரு ஆட்டம்கூட இல்லை. நாலு கிண்ணம் எடுத்த அணி தன் பெயரில் இருக்கிற ஊரில் ஒரு பந்துகூட போடவில்லை. ஆக, சின்னவன் கேட்ட சொந்த மைதான வெற்றியின் எண்ணிக்கை பூச்சியம்.

2020ஐ நாங்கள் குறை சொல்லமாட்டோம். அது கொரோனாக் காலம். எல்லா அணியும் ஒரே மைதானத்தில், ஆளில்லாத கதிரைகளுக்கு முன்னால்தான் ஆடின. அந்த வருடம் எல்லாரும் வீடில்லாதவர்கள்தான். ஆனால் பிறகு ஆட்கள் மைதானத்துக்குத் திரும்பினார்கள். கொழும்பு ரசிகர் பிரேமதாசவுக்குப் போனார். கண்டி ரசிகர் பல்லேகலவுக்குப் போனார். 2024இல் தம்புள்ளை ரசிகருக்கும் அவருடைய ஊரிலேயே மட்ச் கிடைத்தது. காலிக்காரருக்கும் இந்தத் தொடரில் சொந்த மைதானம் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் காலிப் பெடியன் ரெஸ்ற் மட்ச்சைத் தன் ஊரில், கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் பார்த்து வளர்கிறான். முல்லைத்தீவுப் பெடியன் பார்க்கிறது ஸ்கிரீனை மட்டும்தான்.

இதைக் கதைக்கத் தொடங்கினால் எங்கட ஆட்களுக்குள்ளேயே மூன்று விதமான பதில் வரும். மூன்றையும் கேட்டிருக்கிறோம், மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

முதலாவது: "உது பிஸ்னஸ் மச்சான். பேர் மட்டும்தான் யாழ்ப்பாணம். விளையாடுறவங்களில எங்கட ஆர் நிக்கிறாங்கள்?" ரூஸோ தென்னாபிரிக்கர், 2024இல் தலைமை தாங்கிய சரித் அசலங்க தெற்கைச் சேர்ந்தவர். வெளியூர்க்காரர் அடித்த ஓட்டத்துக்கு நாங்கள் ஏன் விசில் அடிக்க வேணும்?

இதுக்கு எங்கட பதில் சென்னை. சென்னை சுப்பர் கிங்ஸின் தோனி றாஞ்சிக்காரர். அவரைத் 'தல' எண்டு தூக்கி வைத்திருப்பது தமிழ்நாடு. பிறந்த ஊரைக் கேட்டு ஒருத்தரும் கைதட்டவில்லை. அவர் சேப்பாக்கத்தில் வந்து நின்றார், சனம் சேப்பாக்கத்தில் போய் அவரைப் பார்த்தது, அவ்வளவுதான். 2018இல் இரண்டு வருடத் தடை முடிந்து அந்த அணி வீட்டுக்குத் திரும்பியது. ஏப்ரல் 10, கொல்கத்தாவுக்கு எதிராக 203 என்ற இலக்கை ஒரு பந்து மீதம் இருக்க எட்டிப் பிடித்தார்கள். அதோடு சரி. காவிரிப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம், மீதி ஆட்டங்கள் எல்லாம் புனேக்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தனி ரயில் பிடித்துப் புனேக்கே போனார்கள். ஒரேயொரு சொந்த மைதான வெற்றி அந்த உறவைப் புதுப்பிக்கப் போதுமாக இருந்தது. காவிரிக்காகப் போராடியவர்களின் நியாயம் வேறு விடயம், அதை நாங்கள் இங்கே குறைக்க வரவில்லை. நாங்கள் சொல்ல வருவது, ஒரு அணியை ஊரோடு கட்டுகிற கயிறு வீரரின் பிறப்புச் சான்றிதழ் இல்லை, மைதானம்தான்.

இரண்டாவது பதில்: "வெண்டதுதானே முக்கியம், எங்க வெண்டால் என்ன?" ஆப்கானிஸ்தானைக் காட்டுவார்கள். தன் நாட்டில் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடமுடியாத அணி. சார்ஜாவையும் இந்திய மைதானங்களையும் வாடகை வீடு மாதிரி வைத்துக்கொண்டு வளர்ந்தது. 2023 உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டால் வென்றது, அதுவும் சேப்பாக்கத்தில், தமிழ்ச் சனம் கைதட்டக் கைதட்ட. வீடில்லாமலும் வெல்லலாம் என்பதற்கு அவர்களைவிடச் சாட்சி தேவையில்லை.

ஆனால் கதையின் மற்றப் பாதியை இவர்கள் சொல்லுவதில்லை. ஆப்கானிஸ்தான் தன் உள்ளூர் ரி20 தொடரான ஷ்பகீசாவைக் காபூலிலேயே நடத்தியது. 2017இல் மைதானத்துக்கு வெளியே குண்டு வெடித்தது, ஆட்கள் செத்தார்கள். ஆனாலும் அந்தத் தொடரைக் கைவிடவில்லை. பெரிய அணி வெளிநாட்டில் ஆடினாலும் சின்னப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க ஏதாவது ஊரில் இருக்க வேணும் எண்டு அவர்கள் நினைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் குண்டு ஓய்ந்து 16 வருடத்துக்கு மேல். எங்களிடம் அந்தச் சின்ன அளவுகூட இல்லை.

மூன்றாவது பதில் வன்னிக்கே உரியது, அதைக் கதைக்கச் சிலர் விரும்புவதில்லை. "யாழ்ப்பாணம் எண்ட பேருக்குள்ள வன்னி இருக்கா?" வெற்றி வந்தால் 'வடக்கின் வெற்றி'. பயிற்சி, பயிற்றுநர், கடினப்பந்து, தெரிவு எண்டு வந்தால் அது யாழ் நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு நின்றுவிடுகிறது. யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும் போர் 1904இல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேலான அந்தப் பாரம்பரியத்தில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் எங்கட பக்கம் ஒரு பெடியன் நல்லாப் பந்து போட்டால் ஊரில் முதலில் சொல்லுவது, "இவனை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோ." விடுகிறதுக்கு விடுதிக் காசு வேணும், பஸ் காசு வேணும், வயலுக்குள் ஒரு ஆள் குறைவதைத் தாங்குகிற வீடு வேணும். அது இல்லாதவன் மாலையில் குளக்கட்டுக்குக் கீழே மென்பந்தோடு நிற்கிறான். தை மாதம் கழகச் சுற்றுப்போட்டி வந்தால் ஆட்டநாயகன். வருடம் முழுக்க அவனுக்குக் கிடைக்கிற கிரிக்கெட் அவ்வளவுதான்.

இது புலம்பல் இல்லை. கதவு திறந்தால் என்ன நடக்கும் எண்டும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2020 டிசம்பர் 4. யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் ஜப்னா ஸ்டாலியன்ஸ் சட்டையோடு கொழும்பு கிங்ஸுக்கு எதிராக இறங்கினார். அடுத்த நாள்தான் அவருக்கு 19 வயது. சுழற்பந்து. எடுத்த விக்கெட் அஞ்சலோ மெத்திவ்ஸ்! அந்த இரவு எங்கட வட்சப் குழுக்களில் ஓடிய ஓட்டம் இறுதிப்போட்டி இரவில்கூட ஓடவில்லை. நாலு வருடத்துக்குள் அவர் ஐபிஎல்லில் சன்றைசர்ஸ் ஹைதராபாத்துக்குப் போனார். 2024 மே 8, அவருடைய முதல் ஐபிஎல் ஆட்டம். 166 என்ற இலக்கை ஹைதராபாத் விக்கெட்டே விடாமல் பத்து ஓவருக்குள் முடித்த அந்தப் பேயாட்டம்தான் அது.

அது ஹைதராபாத்தின் சொந்த மைதானம். மைதானம் நிறையச் சனம். எங்கட பெடியனுக்கும் சொந்த மைதான வெற்றி ஒன்று கிடைத்தது, ஆனால் வேறு ஆட்களின் சொந்த ஊரில். இதை நினைக்கச் சந்தோசமும் வருகிறது, ஏதோ ஒன்று தொண்டைக்குள் நிற்கவும் செய்கிறது.

ஆகவே பெயர் வெறும் பெயர் இல்லை. ஜப்னா எண்டு ஒரு அணி இருந்ததால்தான் 18 வயதுப் பெடியன் ஒருத்தனுக்கு அந்தப் பந்து கைக்கு வந்தது. 'உது பிஸ்னஸ்' எண்டு தள்ளிவிடுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. அதேநேரம், பெயரோடு மட்டும் நின்றால் அந்தப் பெயரும் எப்ப வேணுமெண்டாலும் கைமாறும். 2025 ஏப்ரலில் இலங்கை கிரிக்கெட் நிறுவனம் ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ரைக்கர்ஸ் ஆகிய இரண்டு அணிகளின் உரிமையாளர்களோடும் இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாக அறிவித்தது. நாலு கிண்ணத்துக்கு உரிய அணி ஒரு அறிவித்தலோடு கேள்விக்குறியானது. பிறகு ஒக்ரோபரில், ரி20 உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களைத் தயார்ப்படுத்த வேணும் எண்டு அந்த வருடத் தொடரையே ஒத்திவைத்தார்கள். ஒப்பந்தத்தில் பிழை யார் பக்கம் எண்டு தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆட்கள் இல்லை. எங்கட கேள்வி வேறு. சேப்பாக்கம் போல ஒரு மைதானமும், அதில் வருடா வருடம் வந்து குந்துகிற சனமும் இருந்திருந்தால், அந்தச் சனத்திடம் ஒரு சொல்லுச் சொல்லாமல் இதைச் செய்திருக்கலாமா? இங்கே சொல்லுவதற்கு ஆள் இருக்கவில்லை. நாங்கள் எல்லாரும் ரீவிக்கு இந்தப் பக்கம் இருந்தோம்.

இனி மண்டைதீவு. 2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் வைத்தார். செய்தி வந்த அண்டு அதே தேத்தண்ணிக் கடையில் நல்ல குதூகலம். சின்னவன் கணக்குப் போட்டான்: கிளிநொச்சியில் பஸ் ஏறினால், ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் போய், பண்ணைப் பாலத்தால் திரும்பினால் வந்துவிடும். இரவு மட்ச் முடிய கடைசி பஸ் இருக்குமா என்பதுதான் அவனுடைய ஒரே கவலை.

எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடக் கவலை இருக்கிறது. தீவின் தாழ்நிலமும் கண்டல்களும் பற்றிச் சூழலியலாளர்கள் கேட்கிற கேள்விகளுக்கு மரியாதையான பதில் வரவேணும். கிரிக்கெட் ஆசையில் நாங்கள் அதைப் பொத்திப் போகமாட்டோம். மற்றது, அடிக்கல்லுக்கும் முதல் பந்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் எண்டு கிளிநொச்சிக்காரருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. போர் முடிந்த கையோடு எங்கட ஊரில் தொடங்கிய விளையாட்டரங்கு வேலை ஆண்டுக்கணக்காக இழுபட்டதை ஏ9 ஆல் போகிற வாற நேரமெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அரைவாசியில் நிற்கிற பார்வையாளர் படியும், அதுக்குள் மேய்கிற மாடும் எங்களுக்குப் புதுக் காட்சி இல்லை.

அதனால்தான் சொல்லுகிறோம், மண்டைதீவு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதுக்கு முன்னுதாரணமும் இருக்கிறது. 2012இல் முரளி நல்லிணக்கக் கிண்ணப் போட்டிகளைக் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் நடத்தினார்கள். போர் முடிந்து மூன்றே வருடம். சில இடங்களில் சனம் அப்பதான் தகரக் கொட்டிலில் இருந்து கல்வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த நிலத்திலேயே தெற்கில் இருந்து பாடசாலை அணிகளைக் கொண்டுவந்து ஆட முடிந்ததெண்டால், இண்டைக்கு ஒரு தொழில்முறை அணி வந்து பயிற்சி ஆட்டம் ஒன்று ஆட முடியாதா?

நாங்கள் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை.

அடுத்த தொடரில் ஜப்னா என்ற பெயரை ஆர் வாங்கினாலும், தொடருக்கு முன்னம் இரண்டு நாள் இங்கே வரட்டும். கிளிநொச்சியில் ஒரு நாள், முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு நாள். திறந்த பயிற்சி, உள்ளூர்க் கழகங்களோடு ஒரு நட்பு ஆட்டம். புள்ளி கிடைக்காத ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கட பிள்ளைகள் 140 கிலோமீற்றர் வேகத்தில் வாற பந்தின் சத்தத்தைக் காதால் கேட்கட்டும். அது ரீவியில் வராது.

தெரிவுப் பயிற்சியை யாழ் நகரத்தில் மட்டும் வைக்காமல் வன்னியிலும் ஒரு நாள் வைக்கட்டும். எங்கட பாடசாலைகளில் நாலைந்துக்காவது கடினப்பந்து ஆடுகிற ஆடுகளமும் வலைப்பயிற்சிக் கூடும் கிடைக்க அணியும் மாகாண விளையாட்டுத் திணைக்களமும் புலம்பெயர்ந்த பழைய மாணவரும் சேர்ந்து இறங்கட்டும். ஒரு வெளிநாட்டு வீரரின் சம்பளத்தோடு பார்த்தால் இதற்குப் போகிற காசு சின்னக் காசு.

பெண்பிள்ளைகளையும் இதுக்குள் எடுக்கட்டும். இந்தத் தொடர் முழுக்க ஆம்பிளைகளின் தொடர். ஆனால் வடக்கில் இருந்து போய் உலக மட்டத்தில் முதலிடம் தொட்டவர் ஒரு பெண்தானே? வலைப்பந்தில் தர்ஜினி சிவலிங்கம். 2019 உலகக் கிண்ணத் தொடரில் அதிக கோல் போட்டவர். எங்கட பெட்டையளுக்கு 'முடியுமா' எண்டு இன்னும் ஆரும் கேட்டால் அவருடைய பெயரைச் சொல்லுங்கோ.

எங்களுக்கும் வேலை இருக்கிறது. பெரிய மட்ச்சுக்குக் கடை வாசலில் நூறு பேர் கூடுகிற நாங்கள், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 17 வயதுக்குட்பட்ட பிரிவு கிரிக்கெட் நடக்கும்போது எத்தனை பேர் போய் நிற்கிறோம்? போன மாதம் நாங்கள் போன ஒரு ஆட்டத்தில் பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் அம்மாமார், ஒருத்தர் ஐஸ்கிறீம்காரர். அண்டைக்கு உள்ளூர் அணி வென்றது. கடைசி ஓவரில் ஏழு ஓட்டம் வேணும் எண்டு இருந்தது, நாலாவது பந்தில் முடித்தார்கள். அது சொந்த மைதான வெற்றிதான். பார்த்த ஒன்பது பேருக்கும் அது தெரியும்.

சின்னவனும் அண்டைக்கு அங்கே நின்றவன். எல்லைக்கோட்டுக்கு வெளியே, 12ஆவது ஆளாக, தண்ணிப் போத்தலோடு. மட்ச் முடிய ஓடிவந்து கேட்டான்:

"அண்ணை, அடுத்த கிழமையும் வருவியளோ?"

வருவம் எண்டு சொல்லியிருக்கிறோம். நீங்களும் வாங்கோ.